தண்ணீருக்குள் பிறந்த குழந்தை

அத்தியாயம் 9

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்கு நகர ஆவணக் காப்பகத்தின் நிலவறையில் நான்கு பேர் அடைபட்டார்கள். ஒருவர் துப்பறிவாளர்; ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. இன்னொருவன் அவருடைய உதவியாளன். முன்பு டாக்சி ஓட்டியவன். ஓயாமல் வாயைத் திறந்து வெடிப்பதால் ஊராருக்கு அவன் 'வெடி'. மூன்றாமவள் துப்பறிவாளரை அமர்த்திய பேருந்து நடத்துநர். நான்காமவர் காப்பகத்தின் காப்பாளர். நடத்துநர் அவரைப் பெரியப்பா என்று அழைப்பாள். இரத்த உறவால் அன்று, ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த உரிமையால்.

அவர்களுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். அணை கட்டியபோது நீரில் மூழ்கிய ஓர் ஊரின் மக்களுக்காக எழுப்பப்பட்டது நடத்துநர் வாழும் குடியிருப்பு. அவ்வூரில் பிறந்தவரின் வழிவந்தோர் மட்டுமே அங்கே வசிக்கலாம் என்பது விதி. 1911ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவளுடைய கொள்ளுத்தாத்தாவான கொல்லரின் பெயருக்கு நேரே எழுதியிருப்பது மூழ்கிய ஊரன்று, ஒரு துறைமுகப் பட்டினம் என்று குடியிருப்புக் குழு கூறிவிட்டது. மறுக்கச் சான்று இருந்தால் அன்று மாலை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கும் தந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

பதிவேட்டை மாடிக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. ஆகவே அனைவரும் கீழே இறங்கினார்கள். கடைசியாக நுழைந்த காப்பாளரின் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு தானே சாத்திக்கொண்டது. அதன் உட்புறத்தில், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சதுரத் துளை மட்டுமே தெரிந்தது.

"மேடம், கதவோட மூக்க யாரோ அறுத்துட்டாங்க," என்றான் வெடி.

"அடடா! கைப்பிடி கழண்டுடுச்சு போலிருக்கே," என்று காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா ஆடிக்கிட்டே இருந்துச்சு. எழுதிப் போட்டேன். எவன் காதுல வாங்கறான்?"

"மேல யாரு இருக்காங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல ஒரு ஈ காக்கா இருக்காது மேடம். வாட்ச்மேன் ஆறு மணிக்குத்தான் வருவான்."

"நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடுமே பெரியப்பா!" என்றாள் நடத்துநர்.

வெடி தோளால் இடித்தான்; கதவு அசையவில்லை, தோள் வீங்கியது. துப்பறிவாளர் கத்தரிக்கோலின் முனையைத் துளையில் விட்டுத் திருப்பினார், முனை வளைந்தது. நடத்துநர் இரு கைகளாலும் அறைந்து கூப்பிட்டாள். குரல் அலமாரிகளில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. காப்பாளர் அங்கிருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் தேடியும் கைப்பிடி கிடைக்கவில்லை.

சன்னல் இல்லாத அறை அது. தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள் சுவரோடு சுவராக நெருங்கி நின்றன. ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே ஒரு மேசை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அது ஈரத்தோடு அவர்களுடைய மூச்சையும் சேர்த்து உறிஞ்சுவதைப் போல இருந்தது.

"கதவப் பார்த்துக்கிட்டே நின்னா அது வெக்கப்பட்டுத் திறக்காது," என்றார் துப்பறிவாளர். "வந்த வேலையப் பார்ப்போம்."

"படிச்சு முடிச்சு யாருகிட்ட குடுக்கறது மேடம்? கரப்பான்பூச்சிகிட்டயா?"

"உன்கிட்ட குடுக்கறத விட அதுகிட்ட குடுக்கலாம். அது பேசாது."

பதிவேட்டில் கொல்லரின் பெயர் இருந்த பக்கம், ஊர் மூழ்கிய பின்னும் தொடர்ந்த அணை வேலைக்கு வந்த தொழிலாளர்களின் கொட்டகைகளைப் பற்றியது. ஒவ்வொரு வரிசையிலும் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் என நான்கு கட்டங்கள். ஒன்பதாம் வரிசையில் கொல்லர். அவருடைய ஊர்ப்பெயர் கொக்கிகளும் கிறுக்கல்களுமாக ஓடியது. மூழ்கிய ஊரின் பெயரும் துறைமுகத்தின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. ஏறத்தாழ ஒரே நீளமுள்ளவை. அதனால்தான் இத்தனை வழக்கும்.

துப்பறிவாளர் அந்தச் சொல்லை நேராகப் பார்க்கவே இல்லை. அதே கணக்கெடுப்பாளர் வேறு பக்கங்களில் எழுதிய, ஐயத்துக்கு இடமில்லாத ஊர்ப்பெயர்களைத் தேடினார். அவற்றின் ஒவ்வோர் எழுத்தையும் மெல்லிய தாளில் படியெடுத்தார். எவருடைய கையெழுத்தும் கோணலாக இருக்கலாம். ஆனால் கோணலிலும் ஒரு பழக்கம் உண்டு. இந்த மனிதர் சில எழுத்துகளின் வாலை இடப்பக்கம் சுழிப்பார். சிலவற்றின் வயிற்றை மூடாமல் விட்டுவிடுவார். தாள் நிறைந்தபின், அதை ஒன்பதாம் வரிசையின் மேல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார்.

நடத்துநர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துப்பறிவாளர் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். "மன்னிக்கணும்மா. குழு படிச்சது சரிதான். இது துறைமுகம்தான்."

"இன்னொரு தடவ பாருங்க மேடம்."

"மூணு தடவ பார்த்துட்டேன்."

"எங்க கொள்ளுத்தாத்தா கடலையே பார்த்ததில்லைன்னு அப்பா சொல்வாரு. ஊருக்குள்ள தண்ணி ஏறினப்ப சம்மட்டிய மட்டும் தூக்கிக்கிட்டு வந்தவரு மேடம் அவரு. அந்தச் சம்மட்டி இன்னும் எங்க கட்டிலுக்கு அடியில கிடக்கு."

"உங்க அப்பா பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. எழுத்து அவரு பேச்சக் கேக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"விடும்மா," என்றார் காப்பாளர் மெதுவாக. "வேற வீடு பார்த்துக்கலாம். பெரியப்பா நான் இருக்கேன்ல?"

"எந்த வீட்டுல பெரியப்பா? கையில இருக்கற காசுக்கு மூணாவது மாடிதான் கிடைக்கும். அப்பாவோட கட்டில் படி ஏறாது."

அதன்பின் யாரும் பேசவில்லை. பேச்சில்லாதபோது அறை இன்னும் சுருங்கியது.

அமைதி என்றால் வெடிக்கு ஒவ்வாமை. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பேருந்து நிலைய ஒலிபெருக்கியின் குரலில் வாசிக்கத் தொடங்கினான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வரிசை ஆறு, தச்சர், பிறந்த ஊர் இதே நகரம். வரிசை ஏழு, தச்சரோட மனைவி, அதே நகரம். வரிசை எட்டு, அவங்க மகன், வயசு பதினோரு நாள். அடேயப்பா, பெரிய மனுஷன்! பிறந்த ஊரு..." அவன் குனிந்தான். "மேடம், இது அந்த மூழ்கின ஊரு. பய நீச்சல் கத்துக்கிட்டே பொறந்திருக்கான்!"

யாரும் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் தலையை நிமிர்த்தினார்.

"ஊர் மூழ்கினது எந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு," என்றாள் நடத்துநர்.

"கணக்கெடுத்தது பதினொண்ணுல. மூணு வருஷமா தண்ணிக்கு அடியில கிடக்கற ஊர்ல ஒரு குழந்தை எப்படிப் பொறக்கும்?"

"பழைய ஏட்டுல இதெல்லாம் சகஜம் மேடம்," என்றார் காப்பாளர் விரைவாக. "அந்தாளு தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான்."

"வெடி, மேல படி."

"ஒம்பது, நம்ம கொல்லர், துறைமுகம். பத்து, கல் சுமக்கற பெண், மூழ்கின ஊரு. பதினொண்ணு, சமையல்காரர், மலை நகரம். பன்னெண்டும் பதிமூணும் இரட்டைப் பிறவிங்க. மூத்தவன் பிறந்தது மலை நகரம், இளையவன் பிறந்தது... பஞ்சாலை ஊரு! இதென்ன கூத்து? அந்தம்மா ஒண்ணப் பெத்துப் போட்டுட்டு, ரயிலப் புடிச்சுப் போய் இன்னொண்ணப் பெத்தாங்களா?"

"கடைசி வரிசை?"

"ஊரு எழுதல மேடம். 'மேற்படி'ன்னு போட்டிருக்கு. அதுவும் வேற மையில."

துப்பறிவாளர் விளக்கின் கழுத்தை வளைத்து, ஒளி பக்கத்தின் மேல் சாய்வாக விழும்படி செய்தார். அக்காலத்துப் பேனாவை மையில் தோய்த்துத் தோய்த்துத்தான் எழுத முடியும். தோய்த்தவுடன் எழுத்து கறுக்கும். எழுத எழுத வெளுக்கும். ஒவ்வொரு வரிசையாக எழுதியவரின் மை இடமிருந்து வலமாக வெளுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஊர்க் கட்டங்களில் மட்டும் மை மேலிருந்து கீழாக வெளுத்தது. ஆறேழு வரிசைக்கு ஒருமுறை மீண்டும் கறுத்தது.

"பெயரையெல்லாம் முதல்ல எழுதியிருக்காரு," என்றார் அவர். "ஊரையெல்லாம் அப்புறமா, குறிப்பு நோட்டப் பார்த்து, மேலேர்ந்து கீழ ஒரே மூச்சுல நிரப்பியிருக்காரு. கணக்கெடுப்புக்குக் கடைசி ராத்திரி திரும்ப ஒரு சுத்து வந்து, புதுசாப் பொறந்த குழந்தைகளச் சேர்ப்பாங்க. அந்தக் குழந்தை பெயர் வரிசைக்குள்ள வந்துடுச்சு. ஊர்க் குறிப்புல வரல."

நடத்துநரின் கை வாய்க்குப் போயிற்று. "நாங்களும் டிக்கெட் கணக்கு எழுதற டிரிப் ஷீட்டக் கடைசியில உக்கார்ந்துதான் நிரப்புவோம் மேடம். ஒரு ஸ்டேஜ விட்டுட்டா, அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் ஒரு கட்டம் மேல ஏறிடும். செக்கர்கிட்ட எத்தன தடவ திட்டு வாங்கியிருக்கேன்!"

"இவருக்குச் செக்கர் இல்ல. கடைசியில ஒரு கட்டம் காலியா நின்னதும் 'மேற்படி'ன்னு போட்டு மூடிட்டாரு. எட்டாவதுக்குக் கீழ யாருக்கும் அவங்க ஊர் அவங்ககிட்ட இல்ல. ஒரு கட்டம் மேல இருக்கு. இரட்டையருக்கு அப்படிப் பாரு, ரெண்டு பேருக்கும் மலை நகரம்னு வரும்."

வெடி விரல் வைத்துப் பார்த்தான். "வருது மேடம். அந்தம்மா ரயில் டிக்கெட்டு மிச்சம்."

"எழுத்த நாம சரியாத்தான் படிச்சோம். ஆனா அது வேற ஆளோட எழுத்து," என்று துப்பறிவாளர் நடத்துநரின் பக்கம் திரும்பினார். "உங்க கொள்ளுத்தாத்தாவோட ஊர் அந்தக் குழந்தைகிட்ட இருக்கும்மா. போய் வாங்கிக்குங்க."

நடத்துநர் எட்டாம் வரிசையைத் தொட்டாள். மறுகணம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்றே கால். ஓடிப்போய்க் கதவை அறைந்தாள். "திறங்க! யாராச்சும் திறங்களேன்!" வெடியும் சேர்ந்து உதைத்தான். கதவுக்கு அது உறைக்கவே இல்லை.

காப்பாளர் நாற்காலியை விட்டு எழவில்லை.

துப்பறிவாளர் அவருக்கு எதிரே மேசையின் விளிம்பில் அமர்ந்தார். "சார், தொண்டை வறளுது. ஒரு வாய் காபி குடுங்களேன்."

"ஆறிப்போயிருக்கும் மேடம்."

"பரவாயில்ல."

"காலி ஆயிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

"காலி ஃபிளாஸ்க்கயா கீழ தூக்கிட்டு வந்தீங்க? அதுவும் ரெண்டு மணி நேரமா மடியிலேயே வச்சிருக்கீங்க." அவருடைய குரல் உயரவில்லை. "நாங்க மூணு பேரும் கதவத் தொட்டுப் பார்த்தோம். திறக்காதுன்னு தெரிஞ்ச பிறகும் தொட்டோம். அடைச்சு வச்சா யாரும் அப்படித்தான் செய்வாங்க. நீங்க ஒரு தடவகூடத் தொடல சார். அங்க என்ன இல்லங்கறது உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

வெடி ஃபிளாஸ்க்கை எடுத்துக் குலுக்கினான். உள்ளே இரும்பு உருண்டது.

"மேடம், காபி ரொம்ப ஸ்ட்ராங்கு."

மூடியைத் திறந்து கவிழ்த்தான். கைப்பிடி மேசையின் மேல் விழுந்தது.

"பெரியப்பா?" என்றாள் நடத்துநர்.

காப்பாளர் அவளைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்துப் பேசினார். "பத்தாவது வரிசையில கல் சுமந்தாங்களே, அவங்க எங்க பாட்டி. ஏட்டுல அவங்களுக்கு மூழ்கின ஊருன்னு இருக்கு. அத வச்சுத்தான் என் வீட்டுக்கு இந்தக் குழு ஒப்புதல் குடுத்துச்சு. ஆனா அந்தப் பச்சக் குழந்தைய நான் பதினெட்டு வருஷம் முன்னாலயே பார்த்துட்டேன்மா. பக்கம் ஒரு கட்டம் இறங்கினா உன் கொள்ளுத்தாத்தாவோட துறைமுகம் எங்க பாட்டிகிட்ட வந்துடும்."

"அதனால நாங்க போகணும்னு முடிவு பண்ணிட்டீங்க."

"நாலு மணி ஆனாப் போதும்னு நெனச்சேன். என் வீட்டுல பேரன் பேத்தியோட எட்டு பேரு. உங்க வீட்டுல ரெண்டு பேருதானேன்னு ஒரு கணக்கு."

"போன வாரம் எங்கப்பாவுக்கு முடி வெட்டி விட்டீங்களே பெரியப்பா. அப்பவும் இந்தக் கணக்கு ஓடிச்சா?"

காப்பாளர் காலி ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினார்.

வெடி கைப்பிடியைத் துளையில் பொருத்தித் திருப்பினான். கதவு திறந்தது, படிக்கட்டின் காற்று உள்ளே வந்தது. ஆயினும் ஒருவரும் நகரவில்லை. காப்பகத்தின் முத்திரையும் கையொப்பமும் இல்லாத நகலைக் குழு வாங்காது. முத்திரை காப்பாளரின் சட்டைப் பையில் இருந்தது. கையொப்பமும் அவருடையதாக மட்டுமே இருக்க முடியும். தன் வீட்டை இழப்பதற்கான தாளில் அவரே ஒப்பமிட வேண்டும்.

நடத்துநர் துப்பறிவாளரின் முழங்கையைப் பற்றினாள். "மேடம், என் வரிசைய மட்டும் எழுதிக் குடுத்தா ஆகாதா? பத்தாவதப் பத்தி நாம ஏன் பேசணும்?"

"ஆகாதும்மா. குழந்தைக்குக் கீழ பக்கம் நகர்ந்திருக்குன்னா முழுசா நகர்ந்திருக்கு. பத்தாவது நகரலன்னா ஒம்பதாவதும் நகரல. பாதிப் பக்கத்த மட்டும் என்னால நகர்த்த முடியாது."

"அவங்க பத்தாவதக் கேக்காமலே விட்டுட்டா?"

"கேப்பாங்க. கேக்கலன்னாலும் நான் சொல்லுவேன்."

வெடி எதையோ சொல்ல வாயைத் திறந்து, அன்றைக்கு முதன்முறையாக, ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

"நீ சொல்லும்மா," என்றார் காப்பாளர். "நான் என்ன செய்யணும்?"

அவள் அவரைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தன்னைச் சைக்கிளின் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர். வீட்டில் கட்டிலில் படுத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தந்தை. யாரைத் தேர்ந்தாலும் அதே தெருவில்தான் மறுநாள் எழுந்திருக்க வேண்டும்.

"நாலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு பெரியப்பா," என்றாள். குரல் உடைந்தது, சொல் உடையவில்லை. "முத்திரைய எடுங்க."

நகல் எடுக்கப்பட்டது. துப்பறிவாளர் தம் விளக்கத்தை ஒரு தாளில் எழுதி அதனுடன் இணைத்தார். காப்பாளர் ஒப்பமிட்டு முத்திரை பதித்தார். குழுவின் அலுவலகம் அதே சாலையில் இருந்தது, வெடி ஓடினான்.

குடியிருப்புக் குழு மார்ச் இருபத்து மூன்றாம் நாள் கூடி எடுத்த முடிவு வருமாறு: எட்டாம் வரிசை தொடங்கி அப்பக்கத்தின் ஊர்ப்பெயர்கள் ஒரு கட்டம் மேலேறியுள்ளன என்பது ஏற்கப்பட்டது. கொல்லரின் வழிவந்தோருக்கு அவர்களுடைய வீடு உறுதி செய்யப்பட்டது. கல் சுமந்த பெண்ணின் வழிவந்தோருக்கு அளித்த ஒப்புதல் நீக்கப்பட்டது. மூழ்கிய ஊரில் பிறந்தவர் என இப்போது தெரியவந்த சமையல்காரருக்கு வாரிசுகள் உளரா என அறிய அறிவிப்பு வெளியிட ஆணையிடப்பட்டது. கதவைப் பற்றிக் காவல் நிலையத்தில் முறையிட நடத்துநர் மறுத்துவிட்டாள். துப்பறிவாளர் நடந்ததைக் காப்பகத்தின் மேலிடத்துக்கு எழுதினார். காப்பாளர் விருப்ப ஓய்வு பெற்றார். அவருடைய குடும்பம் வீட்டைக் காலி செய்ய ஓராண்டு அவகாசம் வேண்டும் என்று ஒரு மனு வந்தது. அதில் ஒப்பமிட்டிருந்தவள் நடத்துநர். குழு மூன்று மாதம் கொடுத்தது.